இடையில் என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எங்கள் ஆட்கள் யாருக்காவது இன்ரவியூக் கடிதம் வந்தால் "அக்கா, கொஞ்சம் சொல்லித் தாங்கோ" என்று என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருவார்கள். நான் பெரிய ஆள் ஒன்றுமில்லை. சில திட்டங்களில் வேலை செய்திருக்கிறேன், மேசைக்கு இந்தப் பக்கமும் இருந்திருக்கிறேன், அந்தப் பக்கமும் இருந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததால்தான் இப்படி வயிறெரிகிறது.

கடைசியாக வந்த தம்பி விசுவமடுப் பக்கம். கடன் கொடுக்கும் நிதி நிறுவனம் ஒன்றில் வெளிக்கள உத்தியோகத்தர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கையில் ஒரு சீ.ஆர். கொப்பி. யூடியூப்பில் பார்த்து எழுதிய விடைகள், எல்லாம் ஆங்கிலத்தில், ஒவ்வொரு வரிக்கும் மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு. 'மை வீக்னஸ் இஸ், ஐ ஆம் எ பெர்ஃபெக்ஷனிஸ்ட்.' தேவாரம் போலப் பாடமாக்கி வைத்திருந்தான். "இதுக்கு என்ன கருத்துத் தம்பி?" என்றேன். "வடிவாத் தெரியேல்லை அக்கா, ஆனா இதைத்தான் சொல்லோணுமாம்."

உன் பலவீனம் என்ன என்று கேட்பார்களாம், பலவீனம் மாதிரி இருக்கிற ஒரு பெருமையைச் சொல்ல வேண்டுமாம், கேட்டவர் தலையாட்டுவாராம். இரண்டு பக்கமும் பொய் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். பிறகு எதுக்கு இந்தக் கூத்து? உண்மையில் உனக்கு எது வராது என்று கேட்டேன். "சிங்களம் சொன்னா விளங்கும் அக்கா, திருப்பிக் கதைக்க வராது" என்றான். இதைவிட நேர்மையான, பிரயோசனமான பதில் வேறு என்ன இருக்கிறது? அதோடு 'மாலையில் சிங்கள வகுப்புக்குப் போகிறேன்' என்று ஒரு வசனம் சேர்த்தால் போதும், அதுவும் உண்மையில் போனால் மட்டும். ஆனால் அவனுக்குப் பயம். உண்மையைச் சொன்னால் வேலை தர மாட்டார்கள் என்கிறான். அந்தப் பயத்தை அவன் தலையில் ஏற்றியது யார் என்பதுதான் என் கேள்வி.

அடுத்த பக்கத்தில் 'நீங்கள் எதிர்கொண்ட சவால் ஒன்றைச் சொல்லுங்கள்' என்ற கேள்வி. அதுக்குக் கீழே ஏதோ சொஃப்ட்வெயார் கம்பனியில் ரீம் லீடராக இருந்து திட்டத்தை நேரத்துக்கு முடித்த கதை. யாருடைய கதையோ! இவன் 2022இல் என்ன செய்தான் தெரியுமா? ஒரு விநியோகஸ்தரிடம் கடைகளுக்குச் சாமான் போடுகிற வேலை. நாடே பெற்றோல் வரிசையில் நின்ற காலம், எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்க கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். தருமபுரத்தில் இருந்து உடையார்கட்டு, மூங்கிலாறு, புதுக்குடியிருப்பு என்று ஓடுகிறவனுக்கு 4 லீற்றர் எந்த மூலைக்கு? இவன் என்ன செய்தான் என்றால், முதல் நாள் இரவே கடைக்காரர்களுக்குப் போன் எடுத்து ஓடரை எழுதி, ஒரு நாளைக்கு ஒரு றோட்டு என்று பிரித்து, கிட்டடிக் கடைகளுக்குச் சைக்கிளில் பெட்டி கட்டிப் போயிருக்கிறான், ஒரு கடைகூடக் கைவிட்டுப் போகவில்லை. இதைச் சாதாரணமாக, மழை பெய்தது என்கிற மாதிரிச் சொல்கிறான். "அடேய், இதுதான்டா பதில்!" என்று கத்தினேன். "இதெல்லாம் ஒரு கதையே அக்கா?" என்கிறான்.

கதைதான் தம்பி. மனிதவளக்காரர் ஸ்டார் முறை என்று காசு வாங்கிச் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான். சூழல் என்ன, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், கடைசியில் என்ன நடந்தது. நாலையும் இரண்டு நிமிசத்துக்குள் சொல்லிவிட்டு வாயை மூடு. 'நாங்கள் செய்தோம்' என்று சொல்லாதே, நீ செய்ததை 'நான்' என்று சொல். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த 'நான்' வருகிறதே இல்லை. தன்னைத்தானே புழுகுவது கூடாது என்று வளர்த்துவிட்டோம், இப்போது அந்த வளர்ப்புக்கே புள்ளி குறைகிறது.

சரி, இதெல்லாம் பழகினால் வரும். என்னைக் கொதிக்க வைப்பது வேறு கேள்வி. 'உங்கள் சீ.வி.யில் இடைவெளி இருக்கிறதே, அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள்?'

இந்தத் தம்பிக்கு ஏ.எல்., அதுதான் உயர்தரப் பரீட்சை, 2021. பெயரில்தான் 2021, பரீட்சை நடந்தது 2022 பெப்ரவரியில், பெறுபேறு வந்தது ஓகஸ்ட் கடைசியில். அதுக்கு அடுத்த வருசக்காரருக்கு 2022ஆம் ஆண்டுப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. நாடு முழுக்க அப்படித்தான். அப்படியிருக்க, கொழும்பில் இருந்து வந்த ஒருவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "இந்த வருசம் சும்மாவா இருந்தீங்க?" என்று கேட்பார். பரீட்சைத் திணைக்களத்திடம் கேளுங்கள் ஐயா!

என் வயதுக்காரருக்கு இடைவெளி இன்னும் பெரிது. கடைசி யுத்தத்தில், 2009 ஜனவரி 2 கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போனது. அதுக்கு முன்னமே சனம் பள்ளிக்கூடத்தையும் தூக்கிக்கொண்டு விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று நகர்ந்து முள்ளிவாய்க்காலில் முட்டியது. மே மாதத்துக்குப் பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம், முள்ளுக்கம்பி. அந்த ஓகஸ்டில் முகாமுக்குள்ளேயே ஏ.எல். பரீட்சை வைத்தார்கள், எங்கள் பிள்ளைகள் எழுதினார்கள், சித்தியும் அடைந்தார்கள். அப்படிப்பட்ட ஒருத்தரைப் பார்த்து '2008 கடைசியில் இருந்து ஒன்றும் எழுதவில்லையே' என்று கேட்கிறவருக்கு என்ன விடை ஆயத்தம் பண்ணச் சொல்கிறீர்கள்? அவர் எங்கே இருந்தார் இவ்வளவு காலமும், பேப்பர் பார்க்கவில்லையா?

அதோடு விட்டால் பரவாயில்லை. அடுத்த கேள்வி குரலைத் தாழ்த்தி வரும். "அப்ப கடைசி வரைக்கும் உள்ளுக்கையா இருந்தனீங்கள்? வீட்டில யாரும் புனர்வாழ்வுக்குப் போனவையோ?" புனர்வாழ்வு என்றால் இயக்கத்தில் இருந்தவர்களை யுத்தம் முடிய அரசு அடைத்து வைத்த முகாம். கணக்குப் பதிகிற வேலைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் கேட்பார்கள். கதிரை நுனியில் இருக்கிற பிள்ளை என்ன சொன்னாலும் ஆபத்து. ஓம் என்றால் சந்தேகம், இல்லை என்றால் பொய்யோ என்ற பார்வை. நான் சொல்லிக் கொடுப்பது இவ்வளவுதான்: 'இடப்பெயர்வால் படிப்புத் தடைப்பட்டது, மீள்குடியேறிய பிறகு தொடர்ந்தேன், இன்ன ஆண்டு இன்ன பரீட்சை சித்தி.' ஒரு வசனம். மன்னிப்புக் கேட்கிற குரல் வேண்டாம். அழவும் வேண்டாம். அழுதால் இரக்கப்படுவார்கள், வேலையை வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள். மேலே தோண்டினால் 'இந்த வேலைக்கு அது எப்படித் தேவைப்படுகிறது என்று சொன்னால் பதில் சொல்ல உதவியாக இருக்கும்' என்று பணிவாகக் கேட்கச் சொல்வேன். சொல்லிக் கொடுக்கலாம். வேலை இல்லாத வீட்டில் இருந்து போகிற பிள்ளைக்கு அந்த இடத்தில் அதைச் சொல்லத் துணிவு வருமா என்பது எனக்கும் தெரியும்.

பொம்பிளைப் பிள்ளைகளின் கதையைத் தொடங்கினால் முடியாது. கலியாணம் எப்போது, முடித்தால் வேலையை விடுவீர்களா, மோட்டார் சைக்கிளில் தனியத் துணுக்காய் வரைக்கும் போக வீட்டில் விடுவார்களா, இதெல்லாம் வழமை. லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் அது வேலைக் கேள்வி, வீட்டில் விடுவார்களா என்பது எந்தக் கணக்கில்? இவற்றைக்கூட ஒதுக்கி வைக்கலாம். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவரிடம், நாற்பது தாண்டியவர், தையல் பயிற்சிப் பொறுப்பாளர் வேலைக்குப் போனவர், "ஹஸ்பண்ட் என்ன செய்யிறார்?" என்று கேட்டிருக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் மணமானவர், மணமாகாதவர், விதவை என்று மூன்று கட்டம். அவருடைய மனிசன் 2009இல் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர், இன்றுவரை தகவல் இல்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மாரும் மனைவிமாரும் போராட்டம் தொடங்கிய நாளில் இருந்து படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் அவர். மூன்று கட்டத்தில் எதற்குள் புள்ளடி போடுவார்? வெறுமையாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார், "ஃபோமைச் சரியா நிரப்பத் தெரியேல்லையே" என்று அதுக்கும் ஒரு பேச்சு. இதுக்கு விடை தயாரித்துத் தா என்று அவர் என்னிடம் வந்து கேட்டால் நான் எதை எழுதிக் கொடுப்பேன், சொல்லுங்கள்.

கடினமான கேள்வியே கேட்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கேளுங்கள், வேலையைப் பற்றிக் கேளுங்கள். அந்தத் தம்பியிடம் நானே கேட்டேன்: "கடன் எடுத்த அம்மா தவணை கட்டேலாது எண்டு கதவைச் சாத்தினா என்ன செய்வாய்?" கொப்பியில் இந்தக் கேள்வியே இல்லை! வன்னியில் கடன் நிறுவனத்துக்கு வேலைக்குப் போகிறவனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. கிழமைக் கடன் கட்ட இன்னொரு கடன் எடுத்து, அதுக்கு நகையை அடகு வைத்து, ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பின்பக்கத்தால் போகிற பெண்கள் எத்தனை வீட்டில். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்கிற நிலைக்கு வந்தது. இதெல்லாம் தெரிந்த பெடியன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "முதல்ல ஏன் கட்டேலாமப் போச்சு எண்டு கேப்பன். நெல்லு வெட்டின பிறகு எண்டா அதுக்கேத்த மாதிரித் தவணையை மாத்தேலுமோ எண்டு மனேச்சரிட்டக் கேப்பன். சத்தம் போட மாட்டன், நாளைக்கும் அதே ஊருக்குத்தானே போகோணும்." எனக்குப் புல்லரித்தது. அவ்வளவு அறிவான பதில், தமிழில், தன் வாயால். பாடமாக்கின எதிலும் இல்லாதது.

இன்ரவியூவுக்கு அவனிடம் என்ன கேட்டார்கள் தெரியுமா? அஞ்சு வருசத்தில் எங்கே இருப்பீர்கள். ஏன் உங்களை எடுக்க வேண்டும். வெளிநாட்டில் யாரும் இருக்கிறார்களா, ஸ்பொன்சர் பண்ணினால் போய்விடுவீர்களா. இதற்கு அவன் "இஞ்சதான் இருப்பன் சேர், வேற எங்க போறது" என்று சொல்லியிருக்கிறான். சிரித்தார்களாம்.

இது எங்கள் ஊர்க் குறை மட்டுமில்லை. எல்லாரிடமும் வேலை சார்ந்த ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் புள்ளி போடுகிற நேர்முகத் தேர்வுதான் நல்ல ஆளைக் கண்டுபிடிக்கிறது, வாயில் வந்ததைக் கேட்பதில் அவ்வளவு பலன் இல்லை என்று 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட், ஹன்டர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1998இல் எழுதினார்கள். 2022இல் சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழு அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்துத் திருத்தியபோது இந்த இரண்டு வகைக்கும் இடையிலான வித்தியாசம் இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை. மனிதவள டிப்ளோமாவைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரியாதா?

அரச வேலை என்றால் இதில் கொஞ்சம் பரவாயில்லை. வர்த்தமானியில் எதுக்கு எத்தனை புள்ளி என்று போட்டிருப்பார்கள், வடிவாக வாசித்துவிட்டுப் போகலாம். சந்தேகம் இருந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உன் புள்ளியைக் கேட்டு விண்ணப்பம் போடு என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். பாதிப் பேர் அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா அக்கா என்கிறார்கள். மூலச் சான்றிதழ் விசயத்தில் அரசும் தனியாரும் ஒன்றுதான். ட்ரங்குப் பெட்டியோடு மாத்தளன் மணலில் விட்டுவிட்டு வந்த சான்றிதழை 'ஒரிஜினல் எங்கே' என்று கேட்டால் எங்கே போவது, பிரதி எடுக்க அலைந்த பஸ் காசுக்கே ஒரு மாதச் சம்பளம் வேண்டும்.

சம்பளம் என்றதும் ஞாபகம் வருகிறது. விளம்பரத்தில் 'கவர்ச்சிகரமான சம்பளம்' என்று போடுவார்கள். எவ்வளவு என்று போட மாட்டார்கள். பிறகு "நீங்கள் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று பந்தை எங்கள் பக்கம் தட்டிவிடுவார்கள். கூடச் சொன்னால் பேராசை, குறையச் சொன்னால் அந்தக் குறைந்ததுதான் சம்பளம். தொகையைச் சொல்ல முதல், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓடுகிற பெற்றோலுக்கு யார் காசு, ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) உங்கள் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.ரி.எஃப்.) 3 வீதம் தனியாகப் போடுகிறீர்களா, எங்கள் 8 வீதம் இந்தத் தொகைக்குள்ளா கழிகிறது என்று கேள் என்று சொல்லி அனுப்புகிறேன். இது பிச்சை கேட்பதில்லை, சட்டத்தில் உள்ளது.

தம்பி அதையும் கேட்டிருக்கிறான். கடைசியில் "எங்களிட்ட ஏதும் கேக்க இருக்கோ?" என்று வழமை போல அவர்கள் கேட்க, எல்லாப் பிள்ளைகளும் "இல்லை சேர்" என்று எழும்புகிற இடத்தில் இவன் எழும்பாமல், பெற்றோலையும் சேமலாப நிதியையும் முடிவு எப்போது சொல்வீர்கள் என்பதையும் கேட்டிருக்கிறான். "முதல்ல வேலை கிடைக்கட்டும் தம்பி, பிறகு பாப்பம். நாங்கள் கோல் பண்ணுவம்" என்று அனுப்பிவிட்டார்கள். இன்னும் கோல் வரவில்லை. வராது என்றாலும் அதை ஒரு குறுஞ்செய்தியில் சொல்லித் தொலைக்கலாமே, அதுக்கும் பெற்றோல் வேணுமா உங்களுக்கு?