மாநில எல்லையில் முட்டி நிற்கும் ரயில்

அமெரிக்காவில் கத்ரீனா புயல் அடித்து ரயில் நின்றது 2005 ஆகஸ்டில். நியூ ஆர்லியன்ஸுக்கும் அலபாமாவின் மொபைல் நகரத்துக்கும் இடையே பயணிகள் ரயில் திரும்ப வந்தது 2025 ஆகஸ்ட் 18-ல். முழுசாக இருபது வருஷம்! தண்டவாளம் என்னவோ சில மாதங்களிலேயே சரியாகி, சரக்கு ரயில்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. 145 மைல், லூசியானா, மிசிசிப்பி, அலபாமா என்று மூன்று மாநிலம், நாளைக்கு இரண்டு நடை. இதற்கா இருபது வருஷம்? கொதிக்காமல் என்ன செய்வது!

அமெரிக்காவில் இரண்டு மாநிலங்களுக்கு நடுவே ஒரு ரயில் விடுவது ஏன் இவ்வளவு பாடு? 2008-ல் போட்ட சட்டம்தான் முதல் காரணம். 750 மைலுக்குக் குறைவான தடம் என்றால், நாடு முழுக்கப் பயணிகள் ரயில் விடும் மத்திய அரசு நிறுவனமான ஆம்ட்ராக் ஓட்டினாலும் செலவை மாநிலங்கள்தான் ஏற்க வேண்டும். பாஸ்டன்–வாஷிங்டன் தடமும் 750 மைலுக்குள்தான், அதற்கு மட்டும் விலக்கு. மற்றவர்கள் வருஷா வருஷம் சட்டமன்றத்தில் கையேந்த வேண்டும். 1956-ல் மாநிலங்களுக்கிடையே நெடுஞ்சாலை போட்டபோது செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே கொடுத்தது. பக்கத்து மாநிலம் இந்த வருஷம் பணம் தரவில்லை என்று எந்தச் சாலையையாவது எல்லையில் இழுத்து மூடியிருக்கிறார்களா?

ரயிலை மூடுகிறார்கள். இண்டியானா பட்ஜெட்டில் கை வைத்தது. 2019 ஜூன் 30-ஓடு இண்டியானாபொலிஸ்–சிகாகோ ரயில் நின்றது. இப்போது மிச்சம், வாரத்துக்கு மூன்று நாள் அந்த வழியாகப் போகும் கார்டினல் என்ற ரயில் மட்டும்தான். ஓக்லஹோமா சிட்டியிலிருந்து டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்துக்கு ஒரு ரயில் 1999-லிருந்து ஓடுகிறது. டெக்சாஸ் சட்டமன்றமோ இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் வழக்கமாகக் கூடும். 2025-ல் தன் பங்குக்குப் பணம் ஒதுக்காமலே கலைந்தது. வட்டார அமைப்பு ஒன்று கைகொடுத்ததால் வண்டி பிழைத்தது. ஓக்லஹோமா ஒழுங்காகப் பணம் கட்டி என்ன பிரயோஜனம்? பாதி வழிக்கு மட்டும் ரயில் விட முடியுமா?

நிதியாண்டுகூட ஒத்துப்போவதில்லை. அது தொடங்குவது பெரும்பாலான மாநிலங்களுக்கு ஜூலை 1, டெக்சாஸுக்கு செப்டம்பர் 1, அலபாமாவுக்கும் மத்திய அரசுக்கும் அக்டோபர் 1. ஒருவர் பணத்தை எடுத்து வைக்கும்போது இன்னொருவர் விவாதத்தையே தொடங்கியிருக்க மாட்டார்.

பணம் வந்தாலும் தண்டவாளம் நம்முடையதில்லை, பெரும்பாலும் சரக்கு ரயில் கம்பெனிகளுடையது. பயணிகள் ரயிலுக்கே முன்னுரிமை என்று சட்டம் 1970-களிலிருந்தே சொல்கிறது. தடத்தில் போய்ப் பாருங்கள். ஒற்றை வழித் தடம், எதிரே இரண்டு மைலுக்கு மேல், அதாவது 10,500 அடிக்கும் மேல் நீளமான சரக்கு ரயில். ஒதுங்கி வழிவிடுவதற்கான பக்கத் தடமான லூப் லைனின் நீளம் 10,000 அடிதான் என்றால் அது எப்படி ஒதுங்கும்? ஏழெட்டுப் பெட்டி மட்டுமே உள்ள பயணிகள் ரயில்தான் லூப்பில் போய் நிற்க வேண்டும். அந்த நீளம் முழுக்கக் கடந்து, பாயின்ட் மாறி, சிக்னல் விழும்வரை உள்ளே இருப்பவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இது தற்செயலே இல்லை. லூப்பை நீட்டாமல் வண்டியை மட்டும் நீட்டினால் வேறென்ன நடக்கும்? சட்டத்தை மீறினால் ஆம்ட்ராக்கே வழக்குப் போடவும் முடியாது. மத்திய நீதித்துறைதான் போட வேண்டும். 1979-ல் ஒன்று போட்டார்கள். அடுத்தது 2024-ல்!

ஆய்வுக்கோ குறைவே இல்லை. 2023 டிசம்பரில் மத்திய அரசில் 69 ரயில் தடங்களை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்து, தடத்துக்கு ஐந்து லட்சம் டாலர் வரை ஒதுக்கினார்கள். அது முதல் படிக்கு மட்டும். இரண்டாம் படியில் சேவைத் திட்டம், பத்து சதவீதம் உள்ளூர்ப் பங்கு. மூன்றாம் படியில் முதற்கட்டப் பொறியியலும் சுற்றுச்சூழல் ஆய்வும், இருபது சதவீதம். இதற்கிடையே ஆளுநர் மாறினால் எல்லாம் போச்சு. 2010-ல் ஒஹாயோவும் விஸ்கான்சினும் கைக்கு வந்த மத்திய நிதியையே வேண்டாம் என்று தள்ளியவை.

எனவே புது ரயில் என்று பேச வரும் அரசியல்வாதிகளிடம் வரைபடம் கேட்காதீர்கள், ஒப்பந்தத்தைக் கேளுங்கள். குறைந்தது ஐந்து வருஷத்துக்குக் கட்டுப்பட்ட பணம். ரயில் ஓடும் மைல் கணக்கில் பங்கீடு. இடையில் விலகினால் அபராதம். எந்த லூப் எத்தனை அடி நீளும், கடைசி நிலையத்தில் வண்டி நிற்கும் தடத்துக்கு யார் பணம் கட்டுவது என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். மொபைலில் இந்த மாதிரி ஒப்பந்தங்களுக்கே நகரசபை 2024 ஆகஸ்ட்வரை இழுத்தடித்தது. இவ்வளவும் கையெழுத்தாகாமல் யாரும் ரிப்பன் வெட்ட வர வேண்டாம்.