பிட்புல் தாடை லாக் ஆகுமா?

"பிட்புல் கடிச்சா தாடை லாக் ஆயிடும், வேற நாய்க்கு அப்படி கிடையாது"ன்னு ஃபேமிலி குரூப்புல ஒரு ஃபார்வர்டு சுத்துது. சும்மா கதைங்க. லாக்கும் இல்ல ஒண்ணும் இல்ல, மத்த நாய்க்கு இருக்குற அதே எலும்பு அதே மூட்டுதான், கடிச்சா விடாம பிடிச்சுக்கிறது சண்டைக்குன்னே வளர்த்ததுல வந்த பழக்கம், பலமான நாய்ங்கிறதால காயம் பெருசா ஆகும், அது நிஜம். ஆனா 2022ல அமெரிக்காவுல 18,000க்கு மேல நாய்களை வெச்சு செஞ்ச ஆய்வுல, நாய்க்கு நாய் குணம் மாறுறதுல இனத்தோட பங்கு சுமார் 9 சதவீதம்தான்னு வந்துச்சு. எங்க வீட்டு பொமரேனியன், சோத்து தட்டுல கை வெச்சதுக்கு கட்டைவிரல்ல ரெண்டு பல்லு இறக்குச்சு, தழும்பு இன்னும் இருக்கு. எந்த நாய் கடிச்சாலும் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு ஊசிக்கு ஓடுங்க.