டிபி சீட்டில் விட்டுப்போகும் ஒரு கேள்வி

கோலார் தங்கவயலில் வயதானவர் ஒருவர் விடாத இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் டிபி இருக்கிறதா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை எழுதுகிறார்கள். சரிதான். ஆனால் "சுரங்கத்துக்குள் எத்தனை வருஷம் இறங்கினீங்க? டிரில்லிங்கா, பிளாஸ்டிங்கா, மேல் வேலையா?" என்ற கேள்வியும் அந்தச் சீட்டில் ஏறணும். கல்தூசி நுரையீரலில் தங்கி வரும் சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலில் பதிவானதே இங்கேதான், 1947-ல். அன்று சோதித்த தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அது இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் இதைக் கேட்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடியாச்சு, இன்னும் என்ன என்று நினைக்க வேண்டாம். குவார்ட்ஸ் பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் தூசியில் 5 மைக்ரானுக்கும் சிறியது நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். அதை விழுங்கும் காவல் அணுக்கள் செத்து, அந்த இடம் தழும்பாகி இறுகும். வேலையை விட்டுப் பல வருஷம் கழித்தும் இது வளரும். டிபி கிருமியை அழிக்க வேண்டியதும் அதே அணுக்கள்தான். அதனால்தான் சிலிகோசிஸ் உள்ளவரை டிபி சுலபமாகப் பிடிக்கிறது. ஒன்று இருந்தால் இன்னொன்று இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

சளி கொடுக்கும்போது எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்கணும். சளியில் டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனை கேளுங்கள். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் மேல்பகுதியில் கடுகு தூவியது போலப் புள்ளிகள் தெரிந்தாலோ, சளியில் கிருமி இல்லாமலே டிபி மருந்து ஆரம்பித்து இரண்டு மாதமாகியும் நிழல் அப்படியே இருந்தாலோ, நெஞ்சு நோய் நிபுணரிடம் போய்த்தான் ஆகணும். இரண்டும் சேர்ந்திருந்தால் வழக்கமான 6 மாதம் போதாமல் 8 மாதம் வரை மருந்து நீளலாம். சிறுநீர் ஆரஞ்சாகப் போவது ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்தால், பயமில்லை. கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் அன்றே டாக்டரைப் பாருங்கள். நீங்களாக மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

பழைய எக்ஸ்ரே பிலிமைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய படத்தையும் இன்றையதையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால்தான் புள்ளிகள் பெருகியது தெரியும். மடிக்காமல், ஈரம் படாமல் கவரில் வையுங்கள். செல்போனில் எடுத்த படத்தில் அந்தப் பொடிப் புள்ளிகள் தெரியாது. கூடவே சர்வீஸ் சான்றிதழ், பிஎஃப் சீட்டு. இழப்பீடு கேட்கும் நாளில் இவைதான் பேசும்.

தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டு மண்ணும் மாவாய் அரைத்த பாறைதான். காற்றடிக்கும் மாதங்களில் வீட்டைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

இளைஞர்கள் நிலைமை இன்னும் கவலை. மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூரு போய் கிரானைட்டும் டைல்ஸும் தண்ணீர் விடாமல் அறுக்கிற பையனுக்கும் அதே தூசிதான். கைக்குட்டை இதைத் தடுக்காது. பிளேடில் தண்ணீர் விழணும், முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 முகக்கவசம் வேணும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும்.

ராஜஸ்தானில் 2019 கொள்கைப்படி, மருத்துவக் குழு சிலிகோசிஸ் என்று சான்று கொடுத்தால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். தங்கவயலுக்கும் அப்படி ஒரு குழு வரணும், அதுவும் ராபர்ட்சன்பேட்டையிலேயே உட்காரணும். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவரை சான்றிதழுக்காக பெங்களூருக்கு அலையவிடக் கூடாது.