பூனை வீட்டோடுதான் இருக்கும் என்று சொல்லி விட்டுவிட்டுப் போகாதீர்கள்

தஞ்சாவூர் கீழவாசலில் நாங்கள் 11 ஆண்டுகள் குடியிருந்த தெருவில், சென்ற ஆண்டு எதிர்வீட்டார் காலிசெய்துகொண்டு போனபோது, அவர்கள் வளர்த்த சாம்பல் நிறப் பூனையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். "நாய்தான் ஆளோட வரும், பூனை வீட்டோடதான் இருக்கும். கொண்டு போனாலும் தங்காதும்மா" என்று அந்த வீட்டு அக்கா என்னிடம் சொன்னபோது அவர் குரலில் வருத்தம் இருந்தது, அவர் பொய் சொல்லவில்லை, தாம் கேட்டு வளர்ந்ததைச் சொன்னார். அந்த வீட்டுக்கு உடனே யாரும் குடிவரவில்லை. நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு, வழக்கமாகச் சோறு வைக்கும் நேரத்தில், பூட்டிய கதவுக்கு முன்னால் அந்தப் பூனை வந்து உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் வைத்ததைத் தின்றுவிட்டு மறுபடியும் அந்தப் படிக்கே போய்விடும். மூன்று வாரம் அப்படி இருந்தது. அதற்குப் பிறகு அதைக் காணவில்லை.

இந்த மே மாதம் எங்கள் முறை வந்தது. பணி மாறுதலில் திருச்சிக்கு, பின்கட்டும் கிணற்றடியும் இருந்த ஓட்டு வீட்டிலிருந்து மூன்றாம் மாடி அடுக்ககத்துக்கு, நானும் அம்மாவும் ஆறு வயதுச் செவலையும் குடிபெயர்ந்தோம். செவலை எங்கள் பூனை. கருத்தடை செய்த ஆண். அதையும் விட்டுவிட்டுப் போகும்படி குறைந்தது நான்கு பேராவது எனக்கு அறிவுரை சொன்னார்கள். அவர்கள் எல்லோருக்கும், இனி வீடு மாறப்போகும் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

பூனை வீட்டோடு ஒட்டும் என்ற சொல் முழுப் பொய்யன்று. ஆனால் அது வீட்டின் எதோடு ஒட்டுகிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. பூனையின் கன்னத்திலும் மோவாயிலும் நெற்றியிலும் வாயோரத்திலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் நம் கெண்டைக்காலிலும் அது முகத்தைத் தேய்த்துக்கொண்டு போவதை நாம் கொஞ்சல் என்று எடுத்துக்கொள்கிறோம். கொஞ்சலும் உண்டுதான், அதோடு சேர்த்து இது எனக்குப் பழகிய இடம் என்ற அடையாளத்தையும் அது பூசிவிட்டுப் போகிறது. உள்ளங்காலிலும் இத்தகைய சுரப்பிகள் உண்டு என்பதால், சாக்கையோ கட்டில் காலையோ பிறாண்டும்போதும் அதே வேலை நடக்கிறது. இப்படி ஆண்டுக்கணக்கில் பூசிப் பூசித் தனக்கென்று ஆக்கிக்கொண்ட இடத்திலிருந்து தூக்கி, சுண்ணாம்பும் பெயின்டும் மட்டுமே மணக்கும் அறைகளுக்குள் விட்டால் எந்தப் பூனைதான் மிரளாமல் இருக்கும்? சுவரைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது, வாசனையைக் கொண்டுபோகலாம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதை எப்படிச் செய்தோம் என்பதே.

ஒரு மாதத்துக்கு முன்பே பூனைக் கூடையை வாங்கிக் கதவைக் கழற்றிக் கூடத்தின் மூலையில் வைத்துவிட்டேன். உள்ளே என் பழைய நூல் புடவை ஒன்றை மடித்துப் போட்டு, நாள்தோறும் இரண்டு நெத்திலிக் கருவாட்டைக் கூடையின் வாசலில் தொடங்கி, மெல்ல மெல்ல உள்ளே தள்ளி வைத்துவந்தேன். பத்தாம் நாள் செவலை அதற்குள்ளேயே பகல் தூக்கம் போட்டது. பயண நாளன்று மட்டும் கூடையைக் காட்டினால், பூனைக்கு அது கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போகும் பெட்டியாகவே தெரியும். வழி தெரியாமல் இருக்கட்டும் என்று சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போகும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. மே மாதத்து வெயிலில் அது உயிருக்கே உலை வைக்கும் செயல்.

அந்தப் புடவையைப் பற்றி அம்மாவுக்கும் எனக்கும் சிறு வாக்குவாதம் வந்தது. "புது வீட்டுக்குப் போறப்போ இந்த அழுக்குத் துணியையுமா தூக்கிட்டு வர்ற?" என்று அம்மா கேட்டார். வீட்டிலிருந்த அத்தனை துணியையும் துவைத்து மடித்துக் கட்டியவர் அவர். ரோமம் அப்பிய ஒரு புடவை மட்டும் துவைக்காமல் வருவது அவருக்குப் பொறுக்கவில்லை. "ஒரு மாசத்துக்கு மட்டும்மா, அதுக்குப் பழைய வீடுன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்" என்றேன். பிறகு அவரே, செவலை நகம் தீட்டிக்கொள்ளும் பின்கட்டுத் தூணில் சுற்றியிருந்த சாக்கை அவிழ்த்துச் சுருட்டி என் பையில் வைத்தார். கொல்லையிலிருந்து ஒரு வாளி மண்ணும் எடுத்துக்கொண்டோம். ஆறு ஆண்டுகளாக மண்ணில் மட்டுமே போய்ப் பழகிய பூனைக்கு, கடையில் வாங்கிய மணலைத் தட்டில் கொட்டி வைத்தால் அது எதற்கென்றே விளங்காது. பழைய மண்ணை மேலே பரப்பி வைத்ததும், முதல் இரவே தட்டில் போனது. பின்னர் நாளுக்குக் கொஞ்சமாக மண்ணைக் குறைத்தோம்.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று செவலையைக் கொண்டுபோகவில்லை. உறவினர் கூட்டமும் சாம்பிராணிப் புகையும் ஓய்ந்து, சாமான்கள் போய்ச் சேர்ந்த நாளில்தான் அது வந்தது. சாமான்களை லாரியில் ஏற்றி முடிக்கும் வரை செவலையைக் குளியலறையில் வைத்துப் பூட்டி, கதவில் "பூனை இருக்கிறது, திறக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டியிருந்தோம். வீடு மாறும் நாளில் பூனைகள் தொலைந்துபோவது பெரும்பாலும் மூட்டை தூக்குபவர்களுக்காகக் கதவுகள் எல்லாம் அகலத் திறந்து கிடக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான். புறப்படுவதற்கு முன் சில மணி நேரம் தீனி கொடுக்காமல் இருந்தால் வண்டியில் வாந்தி எடுப்பது குறையும். கூடையின் மேல் மெல்லிய துண்டு ஒன்றைப் போர்த்தினால் அது சற்று அடங்கியிருக்கும். வழியில் டீ குடிக்க இறங்குபவர்கள் தயவுசெய்து பூனையை மூடிய காருக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

புது வீட்டைத் துடைப்பதைப் பற்றி ஒரு சொல். கறுப்புப் பினாயில் ஊற்றிக் கழுவினால்தான் வீடு சுத்தமானது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அதிலுள்ள பீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. தரையில் நடந்த பாதத்தை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி அது என்பதால், நாம் தரையில் ஊற்றியது அதன் வயிற்றுக்குள்தான் போகிறது. நாங்கள் வெறும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசினோம். அலமாரிகளில் அந்துருண்டை போடுவதையும் விட்டுவிட்டோம். அதுவும் பூனைக்கு நஞ்சு.

முழு வீட்டையும் ஒரே நாளில் சுற்றிக் காட்ட வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். ஓர் அறை போதும். அந்த அறையில் அதன் தண்ணீர்க் கிண்ணம், தீனித் தட்டு, அவற்றிலிருந்து தள்ளி மண் தட்டு, நகம் தீட்டும் சாக்கு, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி ஆகியவை இருந்தால் அதுவே அதற்கு முதல் வீடு. அட்டைப்பெட்டியை அற்பமாக நினைக்க வேண்டாம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார், காப்பகம் ஒன்றுக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்து, பெட்டி கிடைத்த பூனைகளின் மிரட்சி மற்றவற்றைவிட விரைவாகத் தணிந்ததை 2014இல் வெளியிட்டார்கள். ஒளிந்திருப்பது பூனை தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் வழி. கட்டிலுக்கு அடியிலிருந்து அதைக் கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துச் சமாதானம் செய்வது, அந்த வழியையும் அடைப்பதாகும். நான் தரையில் பாயைப் போட்டு, முதுகைக் காட்டியபடி அலுவலக வேலையைச் செய்துகொண்டு சும்மா இருந்தேன். கண்ணும் கண்ணும் சந்தித்தால் இமையை மெதுவாகத் தாழ்த்தித் திறப்பேன். பூனைகள் இதற்குப் பதிலுக்கு இமைப்பதையும், அப்படி இமைப்பவரிடம் நெருங்கி வருவதையும் இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2020இல் காட்டியிருக்கிறது. மூன்றாம் இரவு, விளக்கை அணைத்த பிறகு, கட்டிலடியிலிருந்து வந்து என் குதிகாலை முகர்ந்துவிட்டுப் போனது.

மெல்லிய பருத்தித் துணியால் அதன் கன்னத்தைத் தடவி, அந்தத் துணியைக் கதவு நிலை, மேசைக்கால், சோபாவின் ஓரம் என அதன் தலை உயரத்தில் தேய்த்துவைப்பது மற்றொரு வேலை. நாளுக்கு இரண்டு முறை, சுமார் ஒரு வாரம் செய்தேன். அறைக் கதவைத் திறந்துவிட்டபோது, அது வெளியே வந்து முதலில் முகர்ந்தது அந்த இடங்களைத்தான்.

பொறுமையாக இருக்கச் சொல்லும் நான், இரண்டு விஷயங்களில் மட்டும் பொறுக்கவே கூடாது என்பேன். ஒரு நாள் முழுதும் தீனியைத் தொடாவிட்டால் மருத்துவரிடம் பேசுங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடக்கும் பூனைக்கு, குறிப்பாகக் கொழுத்த பூனைக்கு, உடம்பின் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். இரண்டாவது, சிறுநீர். மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை அழற்சி வருவது பூனைகளில் அறியப்பட்ட ஒன்று. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகலானது என்பதால் அடைத்துக்கொள்ளவும் கூடும். தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கியும் சொட்டு வரவில்லை என்றால், காலை வரை காத்திருக்காமல் அப்போதே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இத்தனையும் தெரிந்திருந்தும் ஐந்தாம் நாள் செவலையைத் தொலைத்தோம். தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி பொருத்த ஆள் வந்த நேரத்தில் அறைக் கதவைத் தாழிட மறந்தது நான்தான். வாசல் கதவு திறந்திருந்தது. முதல் நாள், அது தஞ்சாவூர்ச் சாலையைப் பிடித்திருக்கும் என்று நினைத்துத் தெருத்தெருவாக ஸ்கூட்டரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு அலைந்தேன். பழைய வீட்டுக்கு அடுத்த வீட்டாருக்கும் சொல்லிவைத்தேன். அன்று இரவு எங்கள் மருத்துவர்தான், "தூரத்துல தேடாதீங்க, கட்டடத்துக்குள்ளயே தேடுங்க" என்றார். காணாமற்போய்த் திரும்பக் கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்தன என்று 2018இல் வெளியான ஆய்வு ஒன்றை அவர் எடுத்துச் சொன்னார். மிரண்ட பூனை பெயர் சொன்னால் வராது, கத்தவும் செய்யாது. மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும். மறுநாள் நள்ளிரவு, வண்டிகளின் சத்தம் அடங்கிய பிறகு, டார்ச்சை எங்கள் கண் மட்டத்தில் பிடித்துக்கொண்டு கீழ்த்தளத்தில் தேடினோம். மோட்டார் அறைக்குப் பின்னால், குழாய்க்கும் சுவருக்கும் இடையிலிருந்த ஒரு சாண் இடுக்கில், இரண்டு பச்சை ஒளி தெரிந்தது. எங்கள் படிக்கட்டிலிருந்து அந்த இடம் இருபது அடிகூட இல்லை. புடவை போட்ட கூடையை அங்கே வைத்துவிட்டு விலகி உட்கார்ந்தோம். நாற்பது நிமிடம் கழித்து அது தானாகவே கூடைக்குள் ஏறியது.

அதற்குப் பிறகு எல்லா ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை அடித்தோம். மாடிக் குடியிருப்பில் பூனையை வெளியே விடவே கூடாது என்பது என் கருத்து. புறாவைப் பார்த்துத் தாவி விழுந்து காலும் தாடையும் உடைந்த பூனைகளை நான் மருத்துவமனை வரிசையில் பார்த்திருக்கிறேன். தனி வீட்டில் இருப்பவர்கள் மூன்று வாரமாவது உள்ளேயே வைத்திருந்து, பிறகு தீனி நேரத்துக்குச் சற்று முன்னால், பசியோடு இருக்கும்போது, சில நிமிடம் மட்டும் விட்டுப் பழக்கலாம்.

இவ்வளவு பாடு எதற்கு, பூனைதானே என்று கேட்பவர்களுக்குச் சட்டம் சொல்வதையும் சொல்லிவிடுகிறேன். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இன் 11ஆவது பிரிவு, பசியாலோ தாகத்தாலோ துன்பப்பட நேரும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து யாரும் பூனையைக் கொண்டுபோக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எதிர்வீட்டு அக்காவிடம், பூனை பழைய வாசனையோடுதான் ஒட்டும், அதைக் கொண்டுபோக ஒரு துணி போதும் என்று அன்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவர் கேட்டிருப்பார், அவர் அப்படிப்பட்டவர்தான்.

எங்கள் அடுக்ககத்தில் இரண்டாம் மாடியில் இருப்பவர்கள் அடுத்த மாதம் ஓசூருக்குக் குடிபோகிறார்கள். அவர்கள் வீட்டில் ஒரு கறுப்புப் பூனை இருக்கிறது. எங்கள் கூடையைக் கழுவிக் காயவைத்து, கதவைக் கழற்றி அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். நேற்று மாலை போய்ப் பார்த்தபோது, முன்னங்கால் இரண்டும் கூடைக்குள்ளும் பின்னங்கால் வெளியிலுமாக நின்று, அது நெத்திலி தின்றுகொண்டிருந்தது.