ட்விஸ்ட் மட்டும் போதும் என்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நம் வாசகர் குழுவின் இணையக் கூட்டத்தில் ஒரு துப்பறியும் கதையைப் பேச எடுத்தோம். துப்பு, தடயம் என்று நான் ஒரு சொற்பட்டியலை விளக்கப் போக, அங்கே நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் "துப்பறியும் கதை படிக்கச் சொற்பட்டியல் எதற்கு? ட்விஸ்ட் வந்ததா இல்லையா, அவ்வளவுதானே" என்று குழுவில் ஒருவர் சொன்னதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

சரி, பட்டியல் வேண்டாம். அடுத்த நிமிடமே அவர் என்ன சொன்னார்? "ஆசிரியர் ஏமாற்றிவிட்டார், ஒரு துப்புகூடத் தரவில்லை." தரவில்லையா? (கதையின் பெயரைச் சொல்லவில்லை, இன்னும் படிக்காதவர்கள் இருக்கிறார்கள்.) இரண்டாம் அத்தியாயத்தில் அந்தப் பெரியவரின் மூக்குக்கண்ணாடி உடைந்து, பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறார். நான்காம் அத்தியாயத்தில், கதவருகே நின்றபடியே மேசைமேல் கிடந்த கடித உறையில் யார் பெயர் இருந்தது என்று பார்த்ததாக இன்ஸ்பெக்டரிடம் சொல்கிறார். கண்ணாடி இல்லாமல் எப்படிப் படித்தார்? அதுதானய்யா துப்பு. ரத்தக்கறை, கைரேகை, அதெல்லாம் தடயம். தடயத்தைப் போலீஸ் தேடி எடுக்கும். துப்பு நம் கண்ணெதிரே ஒன்றும் தெரியாததுபோல் கிடக்கும். சில சமயம் நடக்காத விஷயம்கூடத் துப்புதான். ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் ஒரு கதையில் ராத்திரி நாய் குரைக்கவில்லை, ஏனென்றால் வந்தவர் அதற்குப் பழக்கமான ஆள். (1892இல் வந்த கதை. இதற்கும் ஸ்பாய்லர் என்று சண்டைக்கு வராதீர்கள்.) ரத்தக்கறை இல்லை, அதனால் துப்பே இல்லை என்றால் தப்பு யார் மீது?

அப்புறம் அதே கதையில் வரும் மருமகன் விவகாரம். "அவன்மேல் சந்தேகம் வர வைத்துவிட்டு வேறு ஆளைக் காட்டியது மோசடி"யாம். மருமகன் சொத்துக்காகச் சண்டை போட்டது உண்மை. அன்று இரவு வெளியே போனதும் உண்மை. போன இடத்தை மறைத்ததும் உண்மை, காரணம்தான் வேறு. ஆசிரியர் ஒரு வரிகூடப் பொய் எழுதவில்லை. முடிச்சுப் போட்டது நாம். வாசகரின் சந்தேகத்தை இப்படித் தவறான பக்கம் திருப்பிவிடுவதற்குப் பெயர்தான் ரெட் ஹெரிங். கொலைக்கான நோக்கம் வேறு, வாய்ப்பு வேறு. சொத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் வீட்டுக்கு நாலு பேர் இருப்பார்கள். அந்த நேரத்தில் அந்த அறைக்குள் யாரால் போயிருக்க முடியும்? அதற்காகத்தானே அலிபி, அதாவது குற்றம் நடந்தபோது நான் வேறிடத்தில் இருந்தேன் என்பதற்கான சான்று, என்ற ஒன்றை எழுத்தாளர்கள் அவ்வளவு பாடுபட்டுக் கட்டுகிறார்கள். செத்தவரின் கைக்கடிகாரம் உடைந்து பதினொன்றே காலில் நின்றிருக்கிறது என்றால், முள்ளை யாராவது திருப்பி வைத்திருப்பார்களோ என்று கேட்கத் தெரிய வேண்டும். அந்த நேரத்தை நம்பித்தான் கொலைகாரனின் அலிபி மொத்தமும் நிற்கிறது.

என் அக்கா மகளுக்குப் பதினொரு வயது. பென்சிலோடுதான் படிப்பாள். ஒருநாள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "சித்தி, இந்தச் சமையல்காரம்மா பொய் சொல்றாங்களா, இல்ல தப்பாக் கேட்டுட்டாங்களா?" என்றாள். மணி அடித்ததைக் கேட்டேன் என்கிறாள் சமையல்காரி. மணி அடித்தது என்று கதை எங்குமே சொல்லவில்லை. ஓரத்தில் பார்த்தால் சில வரிகளுக்கு நேராக 'நடந்தது', சில வரிகளுக்கு நேராக 'சொன்னது' என்று எழுதி வைத்திருக்கிறாள். சாட்சி சொல்வதெல்லாம் நடந்ததாகிவிடாது என்பது அந்தப் பிள்ளைக்குப் புரிகிறது. கூட்டத்தில் பெரியவர்களுக்குப் புரிய வைக்கப் போனால் நான் பாடம் எடுக்கிறேனாம்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் போட்ட விதி, நமக்கெதற்கு" என்று ஒருவர் வருவார், தெரியும். ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929இல் பத்து விதி எழுதினார். அதில் ஒன்று, துப்பறிகிறவர் கண்டுபிடிக்கும் துப்பை உடனே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்பது. இதில் வெள்ளை என்ன, கறுப்பு என்ன? ஒளித்து வைத்து ஜெயிக்காதே என்கிறார், அவ்வளவுதான். அவருடைய எல்லா விதியையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை, ஒன்றிரண்டு அபத்தம். விதியை மீறியதாகத் திட்டு வாங்கிய நல்ல கதைகளும் உண்டு. 1926இல் வந்த ஒரு நாவலை வைத்து இன்றுவரை சண்டை போடுகிறார்கள். எது என்று சொன்னாலே கதை கெட்டுவிடும்.

"இவ்வளவு தெரிந்துகொண்டால் ரசிக்க முடியாது" என்பவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. வேலை முடிந்து வந்து தூக்கம் வரும்வரை படிக்கிறேன் என்பவரோடு எனக்குச் சண்டையும் இல்லை, நானும் அப்படிப் படிப்பவள்தான். துப்பைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டு, எழுதியவரை மோசடிக்காரர் என்று திட்டாதீர்கள். இதைத்தான் அன்றைக்கும் சொல்ல வந்தேன். பாதியில் என் மைக்கை ம்யூட் செய்துவிட்டு, "நேரமாகிறது" என்றார்கள்.

நேரம் யாருக்கு ஆகிறது என்பதையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கவிதைக்குப் படிமம், குறியீடு, தொன்மம் என்று அடுக்கினால் எல்லோரும் கண்ணை மூடித் தலையாட்டுவீர்கள். அப்போது யாரும் சொற்பட்டியல் எதற்கு என்று கேட்டதில்லை. கொலைக் கதை என்றால் மட்டம், அதைப் பற்றி ஒரு பெண் விவரமாகப் பேசினால் அதிகப்பிரசங்கித்தனம். அடுத்த மாதம் கவிதைத் தொகுப்பு எடுத்திருக்கிறார்கள். படிமம் பற்றி ஒரு மணி நேர உரை என்று அறிவிப்பும் வந்தாயிற்று. பேசப்போவது யார் என்பதற்கு உங்களுக்குத் துப்புக் கொடுக்க வேண்டியதில்லை.