ஏக்கர் 90 லட்சம், சரி, யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை அந்த வீடியோவுக்குக் கீழே நடந்ததை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கே அனுப்பியவர்களும் உண்டு. அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லவில்லை. சென்னைக்கு வடக்கே பொன்னேரி பக்கம் மனை போட்டு விற்கிற ஒருவர் வரப்பில் நின்றுகொண்டு, "இங்க ஏக்கர் 90 லட்சம் போகுது, விவசாயிங்களுக்கு யோகம் அடிச்சிருக்கு" என்று பேசினார். இந்த விலைக்கு எந்த விவசாயி நிலம் வாங்கினார் என்று நான் கீழே கேட்டேன். ஒரே வரி, மரியாதையாகத்தான் கேட்டேன். வந்த பதில்: "தண்டையார்பேட்டைல உட்காந்துக்கிட்டு விவசாயம் பேசாதீங்க மேடம், கீரைக்கட்டு வாங்கறதோட நிறுத்திக்கோங்க." அதற்கு முந்நூறு பேர் சிரித்து வைத்திருக்கிறார்கள். பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளும் அதில் ஒருத்தி.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

கேட்டதையே மறுபடி கேட்கிறேன். கழனி விலை ஏறினால் விற்றுவிட்டுப் போகிறவருக்கு ஒருமுறை பணம் வரும், சரி. அங்கேயே இருந்து பயிர் வைக்கிறவருக்கு அந்த விலையால் என்ன வரும்? எதுவும் வராது, இருப்பதும் போகும். இதைச் சொல்ல விவசாயக் கல்லூரியில் படித்திருக்க வேண்டாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

எங்கள் சின்ன மாமா பொன்னேரிக்கு அந்தப் பக்கம் 80 சென்ட்டில் இன்னும் நெல் வைக்கிறார். நல்ல போகத்தில் ஏக்கருக்கு 25 மூட்டை காணும் என்பார், மூட்டை 75 கிலோ. 2025-26 பருவத்துக்கு அரசு கொள்முதல் விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய். ஆக ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 47,000 ரூபாய். உழவு, நாற்று, நடவுக் கூலி, உரம், மருந்து, அறுப்பு மிஷின் வாடகை எல்லாம் போகக் கையில் நிற்பது 17,000, அதுவும் டிபிசியில், அதாவது அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், மூட்டை மழையில் நனையாமல் எடை போட்டால். சம்பா, நவரை இரண்டும் எடுத்தால் வருடத்துக்கு 35,000 என்று தாராளமாகவே வையுங்கள். 90 லட்சம் கொடுத்து ஒரு ஏக்கர் வாங்கியவர் அந்தப் பணத்தை நெல்லால் எடுக்க 257 வருடம் ஆகும். வட்டி சேர்க்காமல்.

அப்புறம் எப்படி அது விவசாய நிலத்தின் விலை ஆகும்? அதில் நெல்லுக்கு ஒரு பைசா இல்லை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை வந்தது, அதற்கு ஒரு விலை ஏறியது. எண்ணூர் பக்கமிருந்து மாமல்லபுரத்துக்கு அருகே பூஞ்சேரி வரை சென்னை எல்லைச் சாலை என்றார்கள், இன்னொன்று ஏறியது. தச்சூரிலிருந்து சித்தூருக்கு ஆறுவழிச் சாலை என்றதும் இன்னொன்று. 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கினார்கள், அன்று முதல் தரகர்கள் செல்போனில் மேப்பைப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டே கிராமம் கிராமமாக வருகிறார்கள். தமிழ்நாட்டில் விவசாய நிலத்தை விவசாயிதான் வாங்க வேண்டும் என்று சட்டம் கிடையாது, யாரும் வாங்கலாம். (கர்நாடகத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது, 2020-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.) ஊராட்சிப் பகுதியில், நகரத்திலிருந்து தள்ளி இருக்கிற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரியும் கிடையாது. எங்கோ சம்பாதித்த பணத்தை வைக்க இதைவிட வசதியான இடம் எது? அந்தப் பணத்தோடுதான் என் மாமாவின் மகன் போட்டி போட வேண்டும். பக்கத்துக் கழனி விலைக்கு வருகிறது என்று தெரிந்தால் ஒரு குடியானவன் செய்கிற முதல் வேலை எப்படியாவது புரட்டி அதை வாங்கப் பார்ப்பது. அந்த ஆசை எங்கள் ஊரில் செத்துப் போய் வருடக்கணக்கு ஆகிறது.

வாங்க முடியாவிட்டால் குத்தகைக்கு எடுக்கலாமே என்பீர்கள். அதைத்தான் யாரும் பேசுவதில்லை. புதிதாக வாங்கியவர்களுக்குக் குத்தகை வேண்டாம். உழுகிறவனை ஒருமுறை உள்ளே விட்டால் வெளியேற்ற முடியாது என்று பயம், ஏனென்றால் 1955-லேயே குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஏழைக்காகப் போட்ட சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நிலத்தை விலைக்காகவே வைத்திருக்கிறவர் அந்தச் சட்டத்தைப் பார்த்ததும் கம்பிவேலி போட்டுத் தரிசாகவே விட்டுவிடுகிறார். யாராவது மனசு வைத்துக் கொடுத்தாலும் வாய்ப்பேச்சுதான், ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. சீட்டு இல்லை என்றால் அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்கிற கிராமக் கணக்கில், பேர் ஏறாது. அடங்கல் இல்லை என்றால் சொசைட்டியில் பயிர்க்கடன் இல்லை, காப்பீடு இல்லை, வெள்ளம் வந்து பயிர் முழுகினால் நிவாரணமும் பட்டாக்காரர் பேருக்குத்தான் போகும். மாமா இரண்டு வருடம் அப்படி ஒரு ஏக்கர் எடுத்துப் பயிர் வைத்தார். மூன்றாம் வருடம் வேலி வந்துவிட்டது, இன்றைக்கு அதில் வேலிக்காத்தான் ஆள் உயரம் நிற்கிறது.

"விக்கச் சொல்லி யாராவது கழுத்தைப் பிடிச்சாங்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பிடிக்க வேண்டாம் சார், வாய்க்காலைப் பிடித்தால் போதும். மாமாவின் கழனிக்கு ஏரித் தண்ணீர் வருவது நான்கு பேர் நிலத்தைத் தாண்டி. மேலே இருக்கிற மூன்று பேர் விற்றார்கள். வாங்கியவர் மண் கொட்டி மேடாக்கிக் கல் நட்டார், வாய்க்கால் மண்ணுக்குள் போனது. வண்டிப் பாதையும் போனது. இப்போது அறுப்பு மிஷின் உள்ளே வர வேண்டும் என்றால் அவர்கள் கேட்டைத் திறக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். மழைக்காலத்தில் அந்த மேட்டுத் தண்ணீர் முழுவதும் மாமாவின் பயிரில் வந்து நிற்கும், கோடையில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. அப்புறம் அதே தரகர் வந்து, "இன்னும் எத்தினி நாள் கஷ்டப்படுவீங்க" என்று அனுதாபமாகக் கேட்பார். இதற்குப் பேர் விருப்பப்பட்டு விற்பதா?

இன்னொன்றும் இருக்கிறது. விற்கிறபோது கையில் வாங்குவது ஒரு தொகை, பத்திரத்தில் எழுதுவது வேறொரு தொகை, இது ஊருக்கே தெரியும். 2017-ல் அரசே வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு வைக்கிற நில விலையை, 33 சதவீதம் குறைத்தது, 2023 ஏப்ரலில்தான் அந்தக் குறைப்பை நீக்கினார்கள். இதனால் விற்காதவருக்கு என்ன என்று கேட்காதீர்கள். நாளைக்குச் சாலைக்கு நிலம் எடுக்கும்போது 2013 நில எடுப்புச் சட்டப்படி பார்ப்பது இந்த வழிகாட்டி மதிப்பையும், அக்கம்பக்கத்தில் பதிவான கிரயத் தொகைகளையும்தான், எது கூடுதலோ அது. அதற்கு மேல் ஆறுதல் தொகை நூறு சதவீதம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அடிக்கணக்கே பாதியாக இருந்தால் மேலே எதைப் போட்டு நிரப்புவது? ஆக வீடியோவில் 90 லட்சம் என்கிற அதே நிலத்துக்குக் காகிதத்தில் வேறு விலை. அந்த 90 லட்சம் தரகர் வாயில்தான் இருக்கிறது.

இதெல்லாம் கீரைக்கட்டு வாங்குகிறவளுக்கு எப்படித் தெரியும் என்றால், 2007-ல் பத்திரப் பதிவு அலுவலகத்து வேப்பமரத்தடியில் அம்மாவோடு காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன், அதனால் தெரியும். தாத்தா விட்டுப்போனது 2 ஏக்கர் 40 சென்ட். சின்ன மாமா தன் பங்கைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். பெரிய மாமாவும் அம்மாவும் தங்கள் 80, 80 சென்ட்டைக் கொடுத்தார்கள், ஏக்கர் 18 லட்சம். எங்களுக்கு அது நினைத்துப் பார்க்க முடியாத பணம். பத்திரத்தில் என்ன தொகை எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டதற்கு, "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா, கையெழுத்துப் போடுங்க" என்றார் வாங்கியவர் தரப்பில் வந்தவர். அம்மா போட்டார். எட்டு மாதத்தில் அதே இடம் சதுர அடி 250 ரூபாய் என்று போர்டு வைத்திருந்தார்கள். ஏக்கர் 43,560 சதுர அடி. சாலைக்கு விட்டது போக 26,000 என்று வையுங்கள், 65 லட்சம். மண் அதேதான், நடுவில் கொஞ்சம் ஜல்லியும் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லும்தான் புதுசு. விலை ஏறியது, ஆமாம். எங்கள் கையை விட்டுப் போன பிறகு ஏறியது.

"உங்க அம்மாவும் வித்தாங்க இல்ல, அப்புறம் என்ன பேச்சு?" என்று இப்போது ஒருவர் வருவார், தெரியும். விற்றார். அந்தப் பணத்தில்தான் நான் டிப்ளமோ படித்தேன். நகை வேண்டாம், பிள்ளை படிக்கட்டும் என்று அப்பாவோடு சண்டை போட்டுப் படிக்க வைத்தார். இன்றைக்கு நான் சாப்பிடுகிற சோறு அந்த 80 சென்ட்டில் வந்தது, அதை எந்தக் காலத்திலும் மறைத்ததில்லை. விற்றவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை, தயவுசெய்து அப்படித் திருப்பாதீர்கள். மகள் படிக்க வேண்டும் என்றால் கழனியை விற்க வேண்டும், கழனியே அதற்குச் சம்பாதித்துக் கொடுக்காது என்கிற நிலைமையை யோகம் என்று சொல்லாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

வாங்கியவர்கள் மட்டும் யார்? பெரிய பணக்காரர்கள் பத்துப் பேர் என்றால், மீதி நம்ம ஆட்கள்தான். ஹார்பரில் லோடு வேலை பார்த்தவர், மார்க்கெட்டில் கடை வைத்தவர், மாதம் ஆயிரம் தவணை கட்டி 600 சதுர அடி பிடித்தவர்கள். 2016-ல் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று உயர் நீதிமன்றம் நிறுத்தியபோது எங்கள் தெருவில் மட்டும் மூன்று குடும்பம் மாட்டியது. பிள்ளை கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்த மனை, விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நின்றது. அந்த மூன்று மனையும் ஒரு காலத்தில் நெல் விளைந்த இடம். இப்போது அங்கே வீடும் இல்லை, நெல்லும் இல்லை.

சென்னை வளர வேண்டாமா என்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. வளர்ச்சி எப்படி இருக்கும் என்று மணலி, எண்ணூர் காற்றில் மூச்சு விடுகிறவர்களிடம் பாடம் எடுக்காதீர்கள். நாங்கள் ஏற்கெனவே பார்த்தாயிற்று.

என்னைச் சுட்டது அந்தத் தண்டையார்பேட்டை என்கிற வார்த்தைதான். இங்கே இருக்கிறவர்களுக்கும் கழனிக்கும் என்ன சம்பந்தம் என்ற தொனி. கும்மிடிப்பூண்டி வண்டியில் காலையில் ஏறிப் பாருங்கள். அத்திப்பட்டு, மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூடையோடு ஏறுகிற அம்மாக்கள் கொருக்குப்பேட்டையில் இறங்குவார்கள். அவர்கள் எங்களுக்கு வியாபாரிகள் மட்டும் இல்லை, பாதிப் பேர் சொந்தம். அப்புறம் தண்ணீர். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் போர் போட்டு இந்த நகரத்துக்காகப் பல பத்து வருடங்கள் உறிஞ்சினார்கள், மீஞ்சூரில் நிலத்தடியில் கடல் நீர் உள்ளே வந்துவிட்டது. 2019-ல் ஏரிகள் வறண்டபோது திருவள்ளூர் மாவட்டத்து விவசாயிகளின் கிணற்றையே வாடகைக்கு எடுத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருவில் பிளாஸ்டிக் குடங்களை வரிசை கட்டி வைத்துவிட்டு நடுராத்திரி வரை காத்திருந்து பிடித்த தண்ணீர் யார் பயிருக்குப் போக வேண்டியது? அந்தப் பக்கத்துப் போர் உப்பாகி, விளைச்சல் விழுந்து, கடைசியில் அவர்கள் விற்றார்கள் என்றால் அதில் நான் குடித்த தண்ணீருக்கும் பங்கு இருக்கிறது. அதனால்தான் பேசுகிறேன். எனக்கு உரிமை இல்லை என்று சொல்கிறவர் தாகம் எடுத்தால் என்ன குடித்தார்?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். சொல்ல நினைத்தது வேறு.

அந்த வீடியோவைத் திங்கட்கிழமை ராத்திரி நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கடைசியில் டிரோன் மேலே போகும். சுற்றி எல்லாப் பக்கமும் கல் நட்ட செம்மண், நடுவில் ஒரே ஒரு பச்சைத் துண்டு. "இயற்கை சூழ்ந்த மனைகள்" என்று எழுத்து ஓடுவது சரியாக அதன் மேல்தான். அந்தப் பச்சையின் மூலையில் ஒரு மோட்டார் கொட்டகை, கூரையில் நீலத் தார்ப்பாய். அந்தத் தார்ப்பாய் எங்கள் மொட்டைமாடியில் கிடந்தது, போன வருடம் அம்மாதான் மடித்துக் கொடுத்தனுப்பினார். அந்த மனை விற்கிறவர் நின்று பேசுகிற வரப்பு எங்கள் மாமாவின் வரப்பு.

இதை நான் கமென்ட்டில் போடவில்லை. போட்டிருந்தால் அந்த முந்நூறு பேரும் என்ன செய்திருப்பார்கள் என்று தெரியாது, என் பெஞ்ச்காரி என்ன செய்திருப்பாள் என்றும் தெரியாது.

மாமாவுக்குப் போன் போட்டேன். "ஆமாம்மா, போன மாசம் ஏதோ ஒண்ணு தலைக்கு மேல சுத்திக்கினே இருந்துச்சு. நாத்து மேல வந்து வுழுந்துடப் போவுதுன்னு கொம்பை எடுத்துக்கினு நின்னேன்" என்றார். வீடியோ எடுத்து விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பயிர் நல்லா தெரியுதா?" என்று கேட்டார்.

நல்லா தெரியுது மாமா என்றேன்.