ரேகை விழவில்லை என்றால் அரிசி இல்லையா?

அண்டி தல்லிய, அதாவது முந்திரிக்கொட்டை உடைத்த கையில் ரேகை நிற்காது. கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் ரேஷன் கடையில் விரல் வைத்தால்தான் அரிசி என்று முடிவெடுத்தவர்களுக்கு மட்டும் இது தெரியவில்லை. தெரிந்திருந்தும் கண்டுகொள்ளவில்லை என்றால் அது இன்னும் மோசம்.

எங்கள் பகுதிக் கடையில் மாதாமாதம் பார்க்கிறேன். அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலையிலேயே ஆயுசைக் கழித்த பெண்கள் பத்து விரலையும் ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் கருவியில் வைத்துப் பார்க்கிறார்கள். சேலையில் துடைத்துவிட்டு வைக்கிறார்கள். தலைமுடியில் தேய்த்து, எண்ணெய்ப் பசையோடு வைக்கிறார்கள். "ரேகை விழல மாமி, சாயங்காலம் வாங்க." பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, ஏதோ தப்புச் செய்தவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு காலிப் பையோடு நடக்கிறார்கள். சாயங்காலம் வந்தால் மட்டும் தேய்ந்த விரலில் ரேகை முளைத்துவிடுமா?

முந்திரிக்கொட்டையின் தோட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. அனகார்டிக் அமிலமும் கார்டாலும் கலந்தது. தோலில் பட்டால் வெந்துபோகும். அதற்காகத்தான் சாம்பலைத் தடவிக்கொண்டு கொட்டையை உடைக்கிறார்கள். அப்படியும் விரல்நுனி கறுத்து, தோல் உரிந்து, வருடக்கணக்கில் தேய்ந்துபோகிறது. இந்தப் பருப்பு எங்கெங்கோ ஏற்றுமதியாகிறது. உடைத்தவளுக்கு மிஞ்சியது மழுங்கிய விரல். அந்த விரலைக் காட்டித்தான் அவள் யார் என்று நிரூபிக்க வேண்டுமாம்!

அண்டி ஆபீஸ் மட்டுமா? கீரிப்பாறை, சிற்றாறு, குலசேகரம் பக்கம் விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களின் கையைப் பாருங்கள். கத்தி, ஒட்டுப்பால், அப்புறம் ஷீட் ஆக்கப் பாலை உறைய வைக்கும் ஆசிட். கடற்கரைக்கு வந்தால் வலை, வடம், உப்புத் தண்ணீர். கயிறு திரிப்பவர்கள், செங்கல் சூளைக்காரர்கள், கல் உடைப்பவர்கள் என்று கையை நம்பிப் பிழைக்கிறவர்கள்தான் இந்த மாவட்டத்தில் எங்கு பார்த்தாலும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு கருவியைக் கொண்டு வைக்குமுன், நாலு அண்டி ஆபீஸ் வாசலில் நின்று நூறு பெண்களின் விரலை வைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது இந்தத் தொல்லை இல்லை. கார்டை ஸ்கேன் செய்தார்கள், பொருளைத் தந்தார்கள். அதுவும் புதுத் தொழில்நுட்பம்தானே? யாரும் எதிர்க்கவில்லையே. 2020 அக்டோபரில், ஒரே நாடு ஒரே ரேஷன் என்று சொல்லி விரல்ரேகையைக் கொண்டுவந்தார்கள். அன்று தொடங்கியது இந்த அலைச்சல்.

ரேகை விழாவிட்டால் ஓடிபி இருக்கிறதே என்பார்கள். தூத்தூர், வள்ளவிளை, இரையுமன்துறைக்கு வந்து சொல்லட்டும் இதை. ஆழ்கடலுக்குப் போன விசைப்படகு கரை திரும்ப வாரக்கணக்காகும், சில சமயம் மாதமும் தாண்டும். ஆதாரில் கொடுத்த எண் புருஷனுடையது. அந்தப் போன் டவரே இல்லாத நடுக்கடலில் இருக்கிறது. ஓடிபி யாருக்குப் போய்ச் சேரும்? பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் காணிப் பழங்குடிகள் இருக்கும் காணிக்குடிகளில் கடலே வேண்டாம், கரையிலேயே சிக்னல் கிடையாது.

விற்பனையாளரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவரும் மாட்டிக்கொண்டு முழிக்கிறார். கருவி சர்வரைத் தேடி நிற்கும்போதெல்லாம் வசவு வாங்குவது அவர்தான். இப்போது எடைத் தராசையும் புளூடூத்தில் கருவியோடு இணைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பொருளாக எடை பதிவானால்தான் அடுத்த அடி. வரிசை நீளாமல் என்ன செய்யும்? கணக்கில் கொஞ்சம் குறைந்தால் அபராதம் அவர் தலையில். ரேகை இல்லாமல் பொருள் கொடுக்க அவர் பயப்படுவதில் என்ன ஆச்சரியம்?

என் கோபமெல்லாம் இதற்கு மேலே இருப்பவர்கள்மேல்தான். ஏனென்றால் இதற்கு வழி ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆதார் ஆணையமே 2017 அக்டோபர் 24 தேதியிட்ட சுற்றறிக்கையில், ரேகையோ இணைப்போ வேலை செய்யவில்லை என்பதற்காக உரிய பயனாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது, வேறு வழியில் அடையாளம் பார்த்துக் கொடுக்க வேண்டும், அப்படிக் கொடுத்ததைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அந்தப் பதிவேட்டை உங்கள் ஊர்க் கடையில் யாராவது கண்ணால் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. கேட்டால், அப்படி ஒன்று உண்டா என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள்.

திருட்டைத் தடுக்கத்தான் இதெல்லாம் என்று ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். போலி அட்டை ஒழிய வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குக் கடத்தும்போது ரேஷன் அரிசி பிடிபட்டது என்று இன்றைக்கும் செய்தி வருகிறதே, மூட்டை மூட்டையாக அந்த அரிசி எந்த விரலை வைத்து வெளியே போனது? டெம்போவில் ஏற்றுகிறவனுக்கு ஒரு தடையும் இல்லை. மாதம் ஒருமுறை பையோடு வருகிற கிழவிக்குத்தான் சோதனை.

பென்ஷனிலும் இதே கதை. அண்டி ஆபீசில் பிஎஃப் பிடித்த பெண்களில் பலருக்குக் கிடைப்பது குறைந்தபட்ச ஓய்வூதியமான ஆயிரம் ரூபாய். 2014-இல் நிர்ணயித்த தொகை. அந்த ஆயிரத்துக்கு வருஷந்தோறும் உயிரோடு இருப்பதாகச் சான்று தர வேண்டும், அதற்கும் விரல் கேட்கிறார்கள். ஆள் எதிரே நின்று பேசுகிறாள், மூச்சு விடுகிறாள், கணினி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது! முகத்தைக் காட்டிச் சான்று பெறும் வசதி பிஎஃப் பென்ஷனுக்கு 2022-லேயே வந்துவிட்டது. அதை இந்தப் பெண்களிடம் போய்ச் சொன்னது யார்? நல்ல கேமரா உள்ள போனும் அதை இயக்கத் தெரிந்த பிள்ளையும் வீட்டில் இருந்தால் பிழைத்தாள்.

கண்விழிக் கருவி பல கடைகளுக்கு வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் கண்புரை முற்றியவர்களுக்கு அதுவும் சில நேரம் கைவிடுகிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், வயது முதிர்ந்தவர்களுக்கு வீட்டுக்கே பொருள் வருவதையும் மனசார வரவேற்கிறேன். ஐம்பத்தைந்து வயதில் பத்து விரலும் தேய்ந்து நிற்பவள் என்ன செய்வாள்? அந்த வயது ஆகும்வரை காத்திருப்பாளா?

வருகிற திங்கள்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளன்று மனு கொடுக்கப் போகிறேன். ஒவ்வொரு கடையிலும் அந்தப் பதிவேடு இருக்க வேண்டும். ரேகை விழாதவர்களின் பட்டியலை ஊர் ஊராக எடுத்து, அவர்களுக்குக் கார்டை ஸ்கேன் செய்தே பொருள் தர எழுத்து மூலம் உத்தரவு வேண்டும், விற்பனையாளர் பயப்படாமல் கொடுப்பதற்கு. பிஎஃப் ஆபீஸ் நவம்பரில் அண்டி ஆபீஸ் இருக்கும் ஊர்களுக்கே வந்து முகம் பார்த்துச் சான்று தர வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். காகிதத்தைவிட அந்தக் கைகளை அதிகாரிகள் நேரில் பார்க்கட்டும்.